கேளாத குசேலர்

பாகவத புராணத்தின் தசம ஸ்கந்தத்தில் 80, 81 என்னும் இரண்டே அத்தியாயங்களில் அடங்கிவிடுகிற குசேலருடைய சரித்திரத்தை, மயிலாப்பூர் மாடவீதிகளிலும் அடையாற்று மண்டபங்களிலும் ஹரிகதை செய்பவர்கள் மாலை முழுவதும் விரித்துச் சொன்னாலும் ஒருவரும் எழுந்து போவதில்லை. முடிவு இன்னதென்று அறியாத குழந்தை கூட அந்தக் கூட்டத்தில் இராது. குடிசை மாளிகையாக மாறுவது புராணங்களில் அபூர்வமான செய்தியுமன்று. எனினும் ஒவ்வொரு முறையும் மனம் அங்கே கட்டுண்டு நிற்கிறதென்றால், வந்தவர் வாய்திறந்து கேட்கவில்லை, இருந்தவனும் கொடுத்தேனென்று சொல்லவில்லை என்கிற அந்த இரட்டை மௌனத்தின் வலிமையே அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

துவாரகைக்குப் போகும்படி மனைவி வற்புறுத்தும்போது குசேலர் இசைவது பொருளை நாடியன்று. அதை முன்னிட்டாவது கண்ணனுடைய தரிசனம் கிட்டுமே என்ற ஒரே நினைப்பினால்தான். வெறுங்கையோடு போகலாகாதென்று அந்த அம்மாள் அண்டை அயலில் யாசித்துக் கொண்டுவந்த நாலு பிடி அவலைக் கந்தையில் முடிந்துகொண்டு நடக்கிறார். மூன்று காவற்படைகளையும் மூன்று கட்டுகளையும் கடந்து, எலும்பும் நரம்புமாகத் தெரியும் ஓர் ஏழைப் பிராமணர் அந்தப்புரம் வரையில் போய்ச் சேருவதை ஒருவரும் தடுக்கவில்லை. ருக்மிணியின் மஞ்சத்தில் வீற்றிருந்த கண்ணன் தொலைவிலேயே கண்டு, எழுந்தோடி வந்து தழுவி, அதே மஞ்சத்தில் அமர்த்தி, பாதங்களை அலம்பி, அந்த ஜலத்தைத் தன் சிரசில் புரோக்ஷித்துக்கொள்கிறான். ருக்மிணி சாமரம் வீசுகிறாள். சாந்தீபனி முனிவரிடம் குருகுலவாசம் செய்த காலத்தில் விறகு பொறுக்கப் போய், மழையில் அகப்பட்டு, இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு திரிந்த பழங்கதையை இருவரும் பேசுகிறார்கள். வெட்கத்தினால் மறைத்துவைத்த முடிச்சைக் கண்ணன் தானாகவே பிடுங்கி ஒரு பிடி உண்டுவிட்டு, இரண்டாவது பிடிக்குக் கை போகும் தருணத்தில், ருக்மிணி அந்தக் கையைப் பற்றிக்கொள்கிறாள். ஹரிகதை சொல்பவர் இங்கே வந்ததும் ஜால்ராவை நிறுத்திவிட்டு, தம் வலக்கையை அந்தரத்தில் அப்படியே வைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருப்பார். சபையும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலையில் விடைபெறும்போது கண்ணன் ஒரு காசும் கொடுக்கவில்லை. கதையின் பிராணன், என் மட்டில், இதற்கப்புறம் வருகிற வழிநடையில்தான் இருக்கிறது. வெறுங்கையோடு திரும்புகிற மனிதர் நண்பனை நொந்துகொள்ளவில்லை. ஏழைக்குப் பணம் வந்தால் செருக்கு வந்து தன்னை மறந்துவிடுவானே என்ற கருணையினாலன்றோ எனக்கு ஒன்றும் கொடாமல் அனுப்பினான் என்று எண்ணி எண்ணி மகிழ்கிறார். மாளிகையைக் காண்பதற்கு முன்பே அவர் நிறைந்துவிட்டார். அந்த நிறைவு முதலில் வந்து, மாளிகை அதற்குப் பின்னால் வருவதனால்தான் இந்த உபாக்கியானம் வியாபாரக் கதையாகாமல் பக்திக் கதையாக நிற்கிறது.

இங்கே ஒரு பழைய சித்தாந்தக் கேள்வி எழுகிறது. பகவானுடைய கிருபை ஜீவனிடத்திலிருந்து ஏதேனும் ஒரு வியாஜத்தை, ஒரு சிறு சாக்கையேனும், எதிர்பார்க்கிறதா, அல்லது எந்த ஹேதுவும் இல்லாமல் தானே பெருகிவருகிறதா? ஸ்ரீவைஷ்ணவத்தில் வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாரும் பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையாரும் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியின் மர்க்கட நியாயம் என்றும் தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியின் மார்ஜார நியாயம் என்றும் சொல்லித் தலைமுறை தலைமுறையாக விவாதித்துவந்த விஷயம் இது. தேசிகருக்கென்று ஒரு கோயிலும், பேயாழ்வார் அவதரித்த தலமென்று போற்றப்படும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அருகருகே இருக்கிற மயிலாப்பூரில் இந்த விவாதம் ஏட்டோடு நின்றுவிட்டதென்று சொல்வதற்கில்லை. குசேலருடைய அவல் முடிச்சை வியாஜம் என்று ஒரு சாரார் காட்டலாம். அவர் கொடுக்கவில்லையே, மறைத்தாரே, பறித்துக்கொண்டவன் அவனல்லவா என்று மற்றவர்கள் கேட்கலாம். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை: கொடுப்பவன் தன் கொடையைத் தன் முகத்தோடு சேர்த்துக் காட்டிக்கொள்வதில்லை. தான் மலையளவு கொடுத்ததைத் துளியாகவும், அன்பன் தந்த துளியை மலையாகவும் எண்ணுவது அவன் சுபாவம் என்று பாகவதம் பிறகு குசேலரையே நினைக்கச் செய்கிறது.

இவ்வளவையும் நான் இங்கே எடுத்துச் சொல்லுவது, இதே பெயரைத் தாங்கி இதே நகரத்திலிருந்து 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி வெளிவந்த ஒரு திரைப்படத்தை முன்னிட்டு. சினிமாவைப் பற்றிய சினிமா அது. மயிலாப்பூர்வாசியான கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனமும் பங்குகொண்டு தயாரிக்க, ‘சந்திரமுகி’யை எடுத்த பி. வாசு இயக்க, ரஜினிகாந்த் புகழ்பெற்ற நடிகர் அசோக்குமாராகவும் பசுபதி கிராமத்தில் முடிதிருத்தும் பாலகிருஷ்ணனாகவும் தோன்றிய ‘குசேலன்’. படப்பிடிப்புக்காக ஒரு நட்சத்திரம் ஒரு சிற்றூருக்கு வருகிறார். அவருடைய பால்ய சிநேகிதன் அதே ஊரில் கடன்பட்டு, பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வழியின்றி, ஓட்டை நாற்காலி போட்ட ஒரு சலூனை நடத்திக்கொண்டிருக்கிறான். சிநேகிதம் தெரியவந்ததும் ஊரே அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு சிபாரிசு கேட்கிறது. அவன் போய்ப் பார்க்கத் தயங்குவதைக் கண்டு பொய்யன் என்று தூற்றுகிறது. கடைசியில் பள்ளி விழா மேடையில் நட்சத்திரம் தன் நண்பனை நினைத்துப் பேசி, அவன் வீட்டுக்கே வந்து சேருகிறார். ஸ்ரீநிவாசன் எழுதி, எம். மோகனன் இயக்கி, முந்தின ஆண்டின் இறுதியில் மலையாளத்தில் வந்த ‘கத பறயும்போள்’ என்ற சிறிய படத்தின் தமிழ் வடிவம் அது. 2009-இல் ஹிந்தியிலும் அக்கதை எடுக்கப்பட்டது.

மூலத்தில் நட்சத்திரமாக நடித்த மம்மூட்டி மிகச் சில காட்சிகளுக்கே வருகிறார். நட்சத்திரம் ஊருக்குள் இருக்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. அவரைக் காண முடிவதில்லை. நாமும் முடிதிருத்துபவனுடைய திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறோம். அவனுடைய கூச்சமும் கலக்கமுமே நமக்குக் கிடைக்கும் உலகம். கோயிலில் அலங்காரத்துக்காகத் திரை போட்டபின் உள்ளே மணியோசையும் புஷ்பத்தின் வாசனையும் மட்டும் வந்துகொண்டிருக்க, கழுத்தை நீட்டியபடி நிற்கும் ஜனங்களுக்குத் தீபாராதனை வேளையில் கிடைக்கும் தரிசனத்துக்கு இருக்கிற கனம், அந்தப் படத்தின் இறுதிப் பேச்சுக்கு இருந்தது. தமிழில் இந்தத் திரையைப் போடத் துணிவில்லாமல் போயிற்று. ரஜினிகாந்தின் ‘சிவாஜி’ வெளிவந்து ஓராண்டே ஆகியிருந்த காலம். படத்தை ஏறத்தாழ 60 கோடி ரூபாய்க்கு விநியோக நிறுவனம் வாங்கியதாக அப்போதைய பத்திரிகைகள் எழுதின. அவ்வளவு பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டப்பட வேண்டியது ஒரே ஒரு முகம். ஆகையால் நட்சத்திரத்தின் பகுதி விரிந்தது. தமிழ் பேசும் படத்தின் முக்கால் நூற்றாண்டைக் கொண்டாடும் பாட்டொன்று வந்தது. அவரைப் பார்த்தே தீருவதென்று வடிவேலு படுகிற பாடு தனி ஹாஸ்யமாக வளர்ந்தது. அரசியலுக்கு வருவாரா மாட்டாரா என்று வெளியே ஊரார் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி கூட உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பசுபதியின் முகம் மட்டும் சுருங்கிச் சுருங்கி ஒரு மூலைக்குப் போயிற்று. தமிழ்த் திரையில் வறுமையை இரைச்சலின்றித் தாங்கக்கூடிய முகங்களில் ஒன்று அது என்பதனால் எனக்கு உண்டான வருத்தம் சிறிதன்று.

படம் ஓடவில்லை. திரையரங்குக்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள் என்பதும் அந்நாளைய செய்தி. ஏமாற்றத்துக்குப் பலர் பல காரணங்கள் சொன்னார்கள்: ரஜினிகாந்துக்குச் சண்டை இல்லை, ஜோடி இல்லை, வருகிற நேரம் போதவில்லை என்றார்கள் ரசிகர்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். அவர் வந்தது அதிகம். கொடுப்பவனே எங்கும் நிறைந்து நின்றபோது பெறுபவனுடைய மனம் இருப்பதற்கு இடமில்லாமல் போயிற்று. இதைத் திரைக்கதையின் பிசகு என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை; இதன் அடியில் ஒரு நம்பிக்கைக் குறைவு இருக்கிறது. ஏழையின் முகத்தை இரண்டரை மணி நேரம் மனிதர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சினிமா வியாபாரம் நம்பவில்லை. பாகவதம் நம்பிற்று. துவாரகையின் பொன்மாடங்களுக்குச் சில சுலோகங்களே செலவழித்துவிட்டு, மண்பாதையில் தனியே நடந்துபோகும் கிழவருடைய சிந்தனைக்கு அது இடம்கொடுத்தது.

அந்த நம்பிக்கை பாலசந்தரிடத்தில் ஒருகாலத்தில் பரிபூரணமாக இருந்தது என்பதை நினைக்கும்போது மனம் இன்னும் கனக்கிறது. அவர் கதை எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி, 1964-இல் ஏ.வி.எம். வெளியிட்ட ‘சர்வர் சுந்தர’மும் சினிமாவைப் பற்றிய சினிமாதான். ஹோட்டலில் தட்டு ஏந்திய ஒருவன் நட்சத்திரமாகிறான். பாட்டு ஒலிப்பதிவு எப்படி நடக்கிறது, தளத்தில் விளக்குகள் எப்படி நிற்கின்றன என்பதையெல்லாம் அந்தப் படம் சாமானியனுக்குத் திறந்து காட்டிற்று. ஆயினும் சுந்தரமாக நடித்த நாகேஷின் முகத்திலிருந்து அது ஒருபோதும் கண்ணை எடுக்கவில்லை. புகழ் அவனுக்கு வெளியேதான் நிகழ்கிறது. உள்ளே இருப்பவன் கடைசி வரையில் பரிமாறுகிறவனாகவே இருந்து, பரிமாறுவதற்கே திரும்பியும் போகிறான்.

‘குசேலன்’ படத்திலும் அப்படியொரு மணி இருந்தது; அதை யாரும் உரசிப் பார்க்கவில்லை என்பதே என் குறை. பாலகிருஷ்ணன் ஏன் தன் நண்பனைப் போய்ப் பார்க்க மறுக்கிறான்? மனைவி சொல்கிறாள், ஊர் சொல்கிறது, கடன்காரன் சொல்கிறான், அவன் போவதில்லை. அது வைராக்கியமா? எதையும் வேண்டாத நிஷ்காமமா? மறந்திருப்பானோ என்ற பயமா? இப்போதைய என் கோலத்தில் அவன் என்னைப் பார்க்கலாகாது என்ற அபிமானமா? அபிமானம் என்றால், ஏழையினுடைய அகங்காரம் பணக்காரனுடைய அகங்காரத்தைவிட ஸூக்ஷ்மமாகவும், விடுவதற்கு இன்னும் அரிதாகவும் இருக்கக்கூடும். ஏனென்றால் அவனிடத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே சொத்து அது. குசேலருக்கும் இந்த முடிதிருத்துபவனுக்கும் உள்ள பேதம் இங்கேதான். குசேலர் போகிறார். கந்தையோடு, பசியோடு, பிச்சையெடுத்த அவலோடு, மூன்று காவலையும் கடந்து போகிறார். போகும்போதே கேட்கவேண்டும் என்ற எண்ணம் அவரைவிட்டுக் கழன்றுவிடுகிறது. கேளாமை என்பது போகாமை ஆகாது. போய், எதிரே நின்று, கால் கழுவப்பெற்று, அவ்வளவு நெருக்கத்திலும் கேளாமல் இருப்பதற்கு அகங்காரம் முற்றிலும் கரைந்திருக்க வேண்டும். வீட்டிலேயே இருந்துவிடுபவனுடைய கேளாமையில் அது இன்னும் கரையவில்லை.

இப்படிச் சொல்வதனால் அந்த எளிய மனிதனை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணலாகாது. குசேலருக்கு இல்லாத ஒரு தடை அவனுக்கு இருந்தது. துவாரகையின் வாயில்கள் திறந்திருந்தன. படப்பிடிப்புத் தளத்தின் வாயிலில் போலீஸாரும், புரொடக்‌ஷன் மானேஜரும், அவருக்குக் கீழே நாலு பேரும் நிற்கிறார்கள். கோடம்பாக்கத்திலும் தியாகராய நகரிலும் கம்பெனி வாசல்களில் கையில் புகைப்பட உறையோடு வருஷக்கணக்காக நின்றவர்களைக் கேட்டால், உள்ளே இருப்பவர் நல்லவர்தாம், வாசலைத்தான் தாண்ட முடியவில்லை என்று சொல்வார்கள். கருணை உள்ளவனையும் அணுக முடியாதவனாக ஆக்கிவிடுகிற ஓர் அமைப்பு அந்தத் தொழிலில் இருக்கிறது. புகழ் பெருகப் பெருக அதன் கட்டுகளும் பெருகுகின்றன. இது சினிமாவைப் பற்றிய உண்மை. பக்தியைப் பற்றிய உண்மையும் கூட. கோயிலில் ஸ்வாமிக்கும் நமக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அறியாதவர் யார்? இந்தக் கூட்டத்தினூடே நண்பனுடைய கண் நண்பனைத் தேடிக் கண்டுகொள்ளுமா என்ற கேள்வியை அந்தப் படம் ஆழமாகக் கேட்டிருந்தால், வியாபாரம் எப்படிப் போயிருந்தாலும், நாம் அதை இன்றும் பேசிக்கொண்டிருப்போம். அது கூட்டத்தின் தள்ளுமுள்ளைக் காட்டிச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விட்டது.

இறுதிப் பேச்சை ரஜினிகாந்த் உருக்கமாகவே நிகழ்த்தினார். திரையரங்கில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அந்தக் கண்ணீர் பொய்யன்று. ஆயினும் கண்ணன் ஒலிபெருக்கியின் முன் நின்று குசேலருடைய பெருமையை ஊருக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூலப் படத்திலும் பேச்சு இருக்கிறது. அங்கே அதுவரையில் காத்த மௌனம் உடைகிறது. இங்கே உடைவதற்கு மௌனமே இல்லை.

இதே உபாக்கியானத்தைச் சென்னைச் சினிமா இதற்கு 72 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தது என்பதையும், அப்போது அது எவ்வளவு துணிந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கே. சுப்ரமண்யம் இயக்கி 1936-இல் வெளிவந்த ‘பக்த குசேலா’வில் குசேலராக நடித்தவர் பாபநாசம் சிவன், மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளில் பஜனை செய்துகொண்டு போன அதே சிவன். கண்ணனாக நடித்தவர் எஸ்.டி. சுப்புலக்ஷ்மி. குசேலருடைய மனைவியாக நடித்தவரும் அவரே. இரட்டை வேஷம் என்ற வேடிக்கைக்காகவோ நட்சத்திரத்தின் கவர்ச்சிக்காகவோ அப்படி அமைத்திருக்கலாம். ஆனால் அதன் பொருள் எடுத்தவர்களின் உத்தேசத்தையும் கடந்து நிற்கிறது. அண்டை வீட்டில் கையேந்தி அவல் யாசித்த பெண்ணின் முகமும், அந்த அவலை ஆவலோடு வாயிலிட்டுக்கொள்ளும் பரம்பொருளின் முகமும் ஒன்றாகிவிடுகின்றன. பசித்தவளும் படியளப்பவனும் ஒருவரே என்றால், கொடுத்ததார், பெற்றதார் என்ற வழக்கே அங்கு எழுவதற்கில்லை. நட்சத்திரத்தின் முகத்தை வியாபாரத்துக்காகப் பெருக்கியபோது அந்தக் காலத்துச் சினிமா அதை ஏழையின் வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் வைத்தது. 2008-இல் அந்த முகம் கடைசி ரீல் வரையில் ஏழையின் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. தமிழில் இந்தச் சரித்திரத்தைக் காவியமாக்கிய ‘குசேலோபாக்கியானம்’ வல்லூர் தேவராஜ பிள்ளையின் பெயரால் அச்சாகி வழங்குகிறது. பள்ளிக்கூடங்களில் நம் பாட்டனார் காலத்தவர் அதை அவர் பெயராலேயே படித்தார்கள். அதை உண்மையில் பாடிக்கொடுத்தவர் அவருடைய ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பதை உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியருடைய சரித்திரத்தில் எழுதிவைத்தார். ஒரு காவியத்தையே மாணவனுக்குக் கொடுத்துவிட்டு, என்னுடையது என்று சொல்லாமல் 1876-இல் மறைந்துபோன அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் வறுமையில் உழன்றவர். குசேலரைப் போல் இல்லாமையையும் கண்ணனைப் போல் கொடையையும் அவர் ஒருவரே அறிந்திருந்தார். எந்தப் பெயர் அட்டையில் இருக்கவேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

வணிகத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு படத்தின்மீது இவ்வளவு சித்தாந்தத்தை ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். பெயரை அவர்கள் அங்கிருந்து எடுத்தார்கள். எடுத்தவர்கள் அதற்கு விலை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அன்றியும் குற்றம் முழுவதும் எடுத்தவர்களுடையதன்று. ரசிகர்கள் கட் அவுட்டுக்குப் பால் வார்ப்பதை இகழ்ந்து பேசுவது எளிது. நான் அதை இகழ மாட்டேன், ஏதோ ஒன்றின்முன் தன்னை மறந்து நிற்கவேண்டும் என்ற தாகம் அதில் இருக்கிறது. அந்தத் தாகத்தைக் கொண்டு, கேளாமல் நிற்கிற ஒருவனுடைய உள்ளத்தைப் பார்க்கும்படி நம்மைத் திருப்பியிருக்க முடியும். நாமோ முதல் நாள் சீட்டு வாங்கிக்கொண்டு கண்ணனைப் பார்க்கத்தான் போனோம். குசேலரைப் பார்க்க யாரும் போகவில்லை. கண்ணனுடைய கண் போன திசையில் நம்முடைய கண்ணும் போயிருந்தால், மூலையில் உட்கார்ந்திருந்த அந்த முடிதிருத்துபவனைத்தான் கண்டிருக்கும்.

இக்கதையை மறுபடியும் ஒருவர் எடுப்பாரானால், அவர் எடுக்கவேண்டிய காட்சி ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பாகவதத்தில் இருக்கிறது, ‘குசேல’னிலும் அதன் ஹிந்தி வடிவத்திலும் அதைத் தொடவில்லை. நண்பன் தேடி வந்து, தழுவி, பழங்கதை பேசிவிட்டு, ஒன்றும் கொடாமல் காரில் ஏறிப் போய்விட்டான். ஊர் கேட்கிறது, என்ன கொடுத்தார் என்று. கடன் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடச் சம்பளத்துக்குத் தவணை நாளைக்கு. அந்த இரவில், பின்னால் வரப்போகிற மாளிகையைப் பற்றி ஒன்றும் அறியாமல், அந்த மனிதன் தன் மனைவியினிடத்தில் என்ன சொல்லுவான்? குசேலர் நடந்துகொண்டே நினைத்த நினைப்பை அவன் எந்தச் சொற்களால் நினைப்பான், அல்லது நினைக்க முடியாமல் அழுவானா? இதை எழுதக்கூடியவர் கையில் பணத்தைக் கொடுக்க இந்தத் தொழிலில் ஒருவரேனும் முன்வர வேண்டும், பசுபதியும் இருக்கிறார்.